விழுந்தது: லாபம்

ஒரு மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் புரியும். நான் பொறாமைப்பட்டது ஒரு எண்ணைப் பார்த்து. கம்ப்யூட்டர் திரையின் மேல் ஓரத்தில், மஞ்சள் எழுத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று தானாக ஏறிக்கொண்டே போன எண். அதைப் போட்டவனையும் பிடிக்காமல் போனது, ஆனால் அது அதற்கப்புறம்தான்.

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் அந்த கேம் சென்டர் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடினால் சத்தமும் நின்றால் புழுக்கமுமாக ஒரு மின்விசிறி. கீழே மில் ஓடும்போதெல்லாம் மாடி அதிரும். சாயங்காலத்துக்குள் கீபோர்டுகளின் மேல் வெள்ளையாக மாவு படிந்துவிடும். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. நான் பி.காம். முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு தினமும் பஸ் ஏறி அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். திருமங்கலம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். சென்டரை நடத்திய அண்ணன் சாப்பிடப் போகும்போதும் பேங்குக்குப் போகும்போதும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். அதற்குப் பதிலாக எனக்கு ஒரு மெஷின் எப்போதும் இலவசம்.

அங்கே எல்லாரும் விளையாடியது ஒரே விளையாட்டு. மரம் வெட்டி, வயல் போட்டு, ஊர் கட்டி, படை சேர்த்துச் சண்டை போடுகிற விளையாட்டு. அதற்குள்ளேயே எடிட்டர் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நாமே ஆறு வெட்டலாம், கோட்டை வைக்கலாம், இது நடந்தால் அதைச் செய் என்று உத்தரவுகள் எழுதி வைக்கலாம். அந்த உத்தரவுக்கு டிரிகர் என்று பெயர். எடிட்டரைத் திறந்து பார்க்கிற பொறுமை அந்த மாடியில் எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் செய்த மேப்பைத்தான் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுப் பேரும் சேர்ந்து விளையாடினார்கள். அறுப்பு முடிந்த சமவெளி, குறுக்கே ஆறு, அக்கரையில் கோட்டை. நாற்பது நெல் வண்டிகளைக் கொள்ளைக்காரர்களிடம் பறிகொடுக்காமல் கோட்டைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஜெயம். ஆட்டம் தொடங்கும்போது முதல் வரியாக என் பெயர் வரும். எட்டுத் திரையில் ஒரே நேரத்தில் என் பெயர். எங்கள் வீட்டு ரேஷன் கார்டிலும் என் மார்க் ஷீட்டிலும் தவிர அது அச்சு மாதிரி வந்த இடம் வேறு கிடையாது. அதனால் அந்த ஒரு வரி எனக்குப் பெரிய விஷயம். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

அந்த மேப்பில் ஒரு குறை இருந்தது. எத்தனை வண்டி உள்ளே போயிருக்கிறது என்று திரை சொல்லாது. நாற்பதாவது வண்டி நுழைந்ததும் ஜெயித்துவிட்டீர்கள் என்று அறிவிக்கும், அதுவரை வாயைத் திறக்காது. அதனால் ஆடுகிறவர்கள் நிமிடத்துக்கு ஒரு தரம் எம்புட்டு ஆச்சு, எம்புட்டு ஆச்சு என்று கத்துவார்கள். முதல் மெஷினுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டு, கோட்டை வாசலில் கண்ணை வைத்து, ஒவ்வொரு வண்டியாக எண்ணிச் சொல்வேன்.

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. அப்பா இளவட்டத்தில் அடுத்தவர் களங்களில் கூலிக்கு அளந்தவர். பின்னால் ஒரு ஏக்கர் சொந்தமாக வாங்கி, அதே குரலில் தன் நெல்லையும் அளந்தார். அதைக் கேட்டே வளர்ந்த எனக்கு எதை எண்ணினாலும் லாபத்தில்தான் தொடங்கும். பஸ்ஸில் இறங்குகிற ஆட்களைக்கூட அப்படித்தான் எண்ணுவேன். சென்டரில் முதல் வண்டி நுழைந்ததும் நான் லாபம் என்று கூவியபோது எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வர அரைமணி நேரம் தாமதமானது. லாபம் சொல்ல ஆள் இல்லை என்று ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்கள். அன்றைக்கு மாடிப்படி ஏறியபோது எனக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படி இருந்த இடத்துக்கு அவன் வந்தான். வில்லாபுரத்துப் பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன், எம்.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். சௌராஷ்டிரா குடும்பம். அப்பாவுக்குச் சேலைக் கடை, அக்காவுக்கு பெங்களூரில் வேலை. வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் மெதுவாகப் பேசிவிட்டு, வைத்ததும் நம்மைப் பார்த்துத் தமிழில் சிரிப்பான். அக்கா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் வீட்டிலேயே இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவன் இங்கே எதற்கு வருகிறான் என்று எனக்கு முதல் நாளே கேட்கத் தோன்றியது. வீட்டில் தனியாக விளையாடினால் போர் அடிக்கிறது என்று அவனாகவே சொன்னான். என்னை அண்ணே என்பான். நான் அவனைத் தம்பி என்பேன். மற்ற எல்லாரும் எனக்கு மாப்ளதான். அவனை மட்டும் ஒரு படி கீழே வைக்கவேண்டும் என்று நினைத்துத் தம்பியாக்கினேன்.

மார்கழி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தான் செய்த மேப் என்று ஒரு பிளாப்பியைக் கொண்டுவந்தான். ஆற்றங்கரைக் கோட்டை, அதை முற்றுகையிட்ட அறுபது வீரர்கள், அறுபது பேரையும் வீழ்த்த வேண்டும். கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஆறு கோணலாக இருந்தது, மரங்களை அள்ளிக் கொட்டியது போல் வைத்திருந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். முதல் வீரன் விழுந்தான். திரையின் மேல் ஓரத்தில் ‘விழுந்தது: 1’ என்று வந்தது. விளையாட்டில் தமிழ் எழுத்து இல்லாததால் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். அடுத்தவன் விழுந்தான். அந்த வரி அப்படியே இருக்க, எண் மட்டும் 2 என்று மாறியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் சண்டையை விட்டுவிட்டு அந்த எண்ணைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோரிப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஞாயிறு தவறாமல் வருவார். அவர் ஐம்பதைத் தாண்டியதும் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அறுபது வந்ததும் கைதட்டினார்கள். எம்புட்டு ஆச்சு என்று அந்த ஆட்டம் முழுவதும் யாரும் என்னைக் கேட்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அவன் சட்டை, அவன் பைக், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர், இதையெல்லாம் பார்த்துப் பழகியிருந்தேன். அவை எனக்கு ஒருபோதும் கிடைக்காது என்பதால் அவற்றின் மேல் பெரிய ஆசையும் வந்ததில்லை. ஆனால் அந்த எண் உட்கார்ந்திருந்தது என் இடத்தில். நான் நின்று கூவிய வேலையை அது தொண்டை வறளாமல், பிசகாமல், சத்தமே இல்லாமல் செய்தது. எப்படிச் செய்தாய் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்போதே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பான். அதனாலேயே கேட்கவில்லை. இன்டர்நெட்டில் ஏதோ சாஃப்ட்வேர் எடுத்து ஒட்டியிருக்கிறான், சொந்தச் சரக்கு இல்லை என்று நான்கு பேரிடம் சொல்லிவைத்தேன்.

சென்டர் அண்ணன் ஒரு யோசனை செய்தார். பொங்கல் லீவு முழுக்க ஒரே மேப் ஓடட்டும், வருகிற ஞாயிறு இரண்டையும் ஆடிப்பார்த்து எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"உன் மேப்புலயும் அந்த நம்பரைப் போட்டுத்தரச் சொல்லவாடா? அந்தப் பய மாட்டேன்னு சொல்ல மாட்டான்" என்றார்.

"வேணாம்ணே. நானே போட்டுக்கிருவேன்" என்றேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததை அவர் கவனித்தாரா தெரியவில்லை.

நானே போட்டுக்கொள்வது என்றால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. நான்கு நாள் முட்டி மோதினேன். எழுத்தை வரவைத்தால் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டு பாதித் திரையை மறைத்தது. மறைய வைத்தால் அடுத்த வண்டி வரும்வரை வெறுமையாக நின்றது. சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மாடியில் யாரும் இல்லை. அவன் மேப் முதல் மெஷினில் இருந்தது. மறுநாள் அதிலிருந்துதான் மற்ற ஏழுக்கும் போகவேண்டும். நான் எடிட்டரில் அதைத் திறந்தேன்.

உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. இன்டர்நெட் சரக்கும் இல்லை. அறுபது எண்ணுக்கு அறுபது டிரிகர். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையால் அடித்திருந்தான். ஒரு வீரன் விழுந்தால் 1 என்று காட்டு, இரண்டாவது டிரிகரை எழுப்பிவிடு. இன்னொருவன் விழுந்தால் 2 என்று காட்டு, மூன்றாவதை எழுப்பிவிடு. இப்படியே அறுபது வரை. எல்லாவற்றையும் திரையின் ஒரே இடத்தில் காட்டச் சொல்லியிருந்தான், அதனால் புதிய வரி பழைய வரியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. இவ்வளவுதான் ரகசியம். தானாக ஏறுகிற எண் என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தது உண்மையில் ஏறவே இல்லை. அறுபது தனித்தனி எண்கள் வரிசையாக நின்று தலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தன.

அவனுக்கு என்னைவிட மூளை அதிகம் என்று தெரிந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இது வெறும் பொறுமை. எனக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அதே பொறுமை. ஒரு வருடமாக எடிட்டரும் இலவச மெஷினும் கையில் இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு அந்த எண் தேவைப்படவே இல்லை. கூவுவதற்கு நான் இருந்தேன், நான் கூவுவது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் டிரிகரைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒன்று போனால் இரண்டை எழுப்ப ஆள் இல்லை, அறுபதும் தூங்கிக்கொண்டே இருக்கும். அப்படியே சேமித்தேன். அரை நிமிடம் மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

பிறகு பயம் வந்தது. அது மனசாட்சி என்று இப்போது சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அது பயம்தான். இந்த மாடியில் எடிட்டர் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நாளை இது ஓடாவிட்டால் அது என் வேலைதான் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அழித்ததைத் திரும்பக் கொண்டுவர அந்த எடிட்டரில் வழியும் இல்லை. கீழே அண்ணனின் வண்டிச் சத்தம் கேட்டது. இரண்டாவது டிரிகரைப் பார்த்துப் பார்த்து முதல் டிரிகரைப் புதிதாக எழுதினேன். ஒரு வீரன் விழுந்தால், மேல் ஓரத்தில், இந்த வரி, இரண்டாவதை எழுப்பிவிடு. அடித்து, சேமித்து, மூடிவிட்டு, அவர் மேலே வரும்போது நல்ல பிள்ளையாகத் துணியால் கீபோர்டு மாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தரம் ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை என் மேப்பை முதலில் ஆடினார்கள். எண் இல்லாமல்தான். நான் பின்னால் நின்று நாற்பது வரை கூவினேன், குரல் கொஞ்சம் அதிகமாகவே எழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முதுகுகளிலேயே தெரிந்தது.

பிறகு அவன் மேப். அவன் கடைசி நாற்காலியில் இருந்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கோட்டைக்கு வெளியே முதல் வீரன் விழுந்தான். எட்டுத் திரையிலும் மஞ்சள் எழுத்து வந்தது.

‘விழுந்தது: லாபம்.’

என் கை தானாக அடித்திருக்கிறது. முதல் எண்ணை எழுத வேண்டிய இடத்தில் என் விரல்களுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. மாடி முழுக்க ஒரே சிரிப்பு. அவனைத் தவிர ஏழு முகங்களும் என் பக்கம் திரும்பின. மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

அவர்கள் நினைத்தது வேறு. அவன் எனக்கு மரியாதை செய்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள். போட்டி மேப் செய்கிறவன், எதிராளியின் சொல்லை எடுத்துத் தன் மேப்பில் முதல் வரியாக வைத்திருக்கிறான் என்று. செல்போன் கடை பாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவனைப் பார்த்தார்.

"யா அல்லா, எம்புட்டுப் பெரிய மனசுய்யா உனக்கு. வேற எவன் செய்வான் இதை?"

அவன் திரையைப் பார்த்தான். தான் ‘1’ என்று அடித்தது அவனுக்குத் தெரியும். வீட்டில் எத்தனை தரம் ஓட்டிப் பார்த்திருப்பான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். யார், எப்போது, எதை என்று மூன்றும் அவனுக்கு அங்கேயே புரிந்துவிட்டன.

"இந்த அண்ணன்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டேன்" என்றான்.

எல்லாரும் எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். நான் அசடு வழியச் சிரித்தேன். ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று அவன் எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் ஏறி அறுபதைத் தொட்டன. பொங்கலுக்கு எது என்று கேட்கவேண்டிய தேவையே வரவில்லை.

சாயங்காலம் கீழே மில் வாசலில் அவன் பைக்கைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பேசாமல் போயிருக்கலாம், கால் அங்கேயே நின்றுவிட்டது. அவன் குரலை உயர்த்தாமல், சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒண்ணாவதை மட்டுந்தான் அழிச்சீங்களாண்ணே?"

"ம்."

"வேற எதையும் தொடலையே?"

"இல்ல தம்பி."

"அப்பச் சரி. லாபம் அப்படியே இருக்கட்டும்ணே, நல்லாருக்கு. நாளைக்கு வாரேன்" என்றான், வண்டியை உதைத்துக் கிளப்பினான், போய்விட்டான்.

அவன் என்னை அடித்திருக்கலாம். சென்டர் அண்ணனிடம் சொல்லி என் சாவியைப் பிடுங்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் அவனை நிம்மதியாக வெறுத்துக்கொண்டு வீட்டில் இருந்திருப்பேன். பெருந்தன்மையிலும் என்னை முந்திக்கொண்டு போய்விட்டான் என்பதுதான் அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னைப் பிய்த்துத் தின்றது. வெட்கம் வந்தது உண்மை. ஆனால் வெட்கத்தைவிடப் பொறாமை ஒரு மரக்கால் கூடுதலாகவே இருந்தது. அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

பொங்கல் லீவில் நாலு நாளும் போனேன். பழக்க தோஷத்தில் முதல் மெஷினுக்குப் பின்னால் போய் நிற்பேன். முதல் வீரன் விழும்போது என் வாய் திறக்கும். அதற்குள் எட்டுத் திரையும் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்திருக்கும். நாற்காலியில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சேர்ந்து கத்துவார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொள்வேன். மாசி பிறந்ததும் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. மாடிப்படி ஏறுவது அதோடு நின்றது.

அவன் படிப்பை முடித்து அக்கா இருக்கும் ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவன் மேப் மட்டும் சீடி சீடியாக மதுரை முழுக்கப் போயிருக்கிறது. எனக்கு அது தெரிந்தது ஒன்றரை வருடம் கழித்து. ஆபீஸ் வேலையாகக் கோரிப்பாளையம் போயிருந்தேன். ஒரு ஃபார்ம் பிரிண்ட் எடுக்க சந்துக்குள் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். உள்ளே தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்கைந்து காலேஜ் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"லாபம்."

என் கையில் இருந்த காகிதம் நழுவியது. தடுப்பைத் தாண்டிப் போய் எட்டிப் பார்த்தேன். அதே கோணல் ஆறு, அதே அள்ளிக் கொட்டிய மரங்கள், மேல் ஓரத்தில் மஞ்சளாக என் சொல். ஓரத்து நாற்காலியில் இருந்தவனிடம் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன், அது என்ன தம்பி லாபம் என்று. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இந்த மேப்பைச் செஞ்சவரு வில்லாபுரத்துக்காரருண்ணே, சேலைக் கடைக்காரர் வீடு. அவுங்க கடையில மொதச் சேலைய அப்படித்தான் எண்ணுவாங்களாம்."

களம், நெல், மரக்கால், அப்பாவின் குரல் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. இல்லடா, அது எங்க ஊருச் சொல்லு என்று சொல்லியிருக்க முடியும். சொன்னால் அடுத்து அவன் கேட்பது என்ன என்பதும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் அது எப்படி அவர் மேப்புக்குள் போனது என்று கேட்பான்.

அதற்குள் திரையில் ரெண்டு வந்துவிட்டது. நான் கீழே கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, பிரிண்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.